அறிவியலாளர் ஒருவருக்குச் சிலை வைக்க: கல்வெட்டு வாசகம் முதல் மெழுகுப் பூச்சு வரை

மதுரை மாவட்டத்தின் திருமங்கலம் வட்டாரத்தில் உள்ள ஓர் அரசு உதவிபெறும் பெண்கள் பள்ளியின் முன்னாள் மாணவியர் சேர்ந்து, வானிலை அறிவியலாளர் அன்னா மாணிக்கு இடுப்பு வரையிலான வெண்கலச் சிலை ஒன்றை அப்பள்ளி வளாகத்தில் நிறுவியபோது, அந்தப் பணியை முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை கவனிக்கும் பொறுப்பு என்னிடம் இருந்தது. அதன்பின் இதே எண்ணத்தோடு இரண்டு குழுவினர் என்னிடம் யோசனை கேட்டு வந்தார்கள். இரு குழுவினரும் ஸ்தபதிக்கு முன்பணம் கொடுத்துவிட்டுத்தான் வந்திருந்தார்கள். இருவருக்கும் இடம் உறுதியாகவில்லை, அனுமதி கிடைக்கவில்லை, பீடத்தில் என்ன எழுதுவது என்பதைப் பற்றி யாரும் பேசியிருக்கவில்லை. சிலைப் பணியில் இடறுபவர்கள் பெரும்பாலும் வரிசையில்தான் இடறுகிறார்கள் என்பதால், இந்த வழிகாட்டி வரிசையைப் பற்றியே அதிகம் பேசுகிறது.

தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை: நான்கு பேருக்கு மிகாத ஒரு பொறுப்புக் குழு, நிலத்தின் பட்டா நகலும் புல வரைபடமும், நிலத்துக்கு உரியவர் அல்லது பள்ளி நிர்வாகம் எழுதித் தந்த ஒப்புதல், குறைந்தது ஓராண்டு அவகாசம். எங்களுக்குப் பதினான்கு மாதங்கள் ஆயின. அவற்றில் ஏழு மாதங்கள் தாள் வேலைக்கே சென்றன.

1. கல்வெட்டு வாசகத்தை முதலில் எழுதி முடியுங்கள்

களிமண்ணைத் தொடுவதற்கு முன்பு, இடம் பார்ப்பதற்கும் முன்பு, பீடத்தில் பொறிக்கப்போகும் வாசகத்தை நாற்பது சொற்களுக்குள் எழுதி முடித்துவிட வேண்டும். வாசகம் அவர் செய்த வேலையைச் சொல்கிறது. அந்த வேலையைச் செய்தபோது அவருக்கு என்ன வயது என்பது அதிலிருந்து தெரிகிறது. வயது தெரிந்தால் எந்தப் புகைப்படத்தைப் பார்த்து உருவம் செய்வது என்பதும், கையில் எந்தக் கருவியைக் கொடுப்பது என்பதும் தாமாகவே முடிவாகின்றன. வாசகத்தைக் கடைசிக்குத் தள்ளிவிட்டவர்கள், எழுபது வயது முகத்துக்குக் கீழே இருபத்தைந்து வயதில் செய்த ஆய்வைப் பற்றி எழுத நேர்கிறது.

முதல் சிக்கல் பெயரிலேயே வந்தது. மலையாளத்தில் இந்தப் பெயரை 'மாணி' என்று நெடிலோடு எழுதுகிறார்கள். தமிழ் இதழ்களில் 'அன்னா மணி' என்றே பார்த்துப் பழகியிருக்கிறோம். கல்லில் ஏறிய எழுத்துதான் அடுத்த தலைமுறை மாணவியர் எழுதப்போகும் எழுத்து என்பதால், அவர் வீட்டில் ஒலித்தபடியே 'மாணி' என எழுதுவதென்று முடிவு செய்தோம். எப்படி முடிவு செய்தாலும், மனு, ரசீது, அழைப்பிதழ், கல்வெட்டு ஆகிய நான்கிலும் ஒரே எழுத்து இருக்கட்டும்.

இரண்டாவது, பட்டம். எங்கள் குழுவில் அனைவருமே 'முனைவர் அன்னா மாணி' என்றுதான் முதலில் எழுதினோம். அது தவறு. அவர் 1939இல் சென்னை மாநிலக் கல்லூரியில் ஆனர்ஸ் பட்டம் பெற்று, பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சி.வி. ராமனிடம் வைரம், மாணிக்கம் ஆகிய கற்களின் ஒளியியல் பண்புகளை ஆராய்ந்து, 1945இல் ஆய்வேட்டையும் சமர்ப்பித்தார். ஆனால் முதுநிலைப் பட்டம் இல்லை என்ற காரணத்தைக் காட்டிச் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு முனைவர் பட்டம் வழங்கவில்லை. மரியாதைக்காக நாம் 'முனைவர்' என்று சேர்த்துவிட்டால், அவருக்கு இழைக்கப்பட்ட அந்த அநீதி கல்லில் மறைந்துபோகும். பெயரை மட்டும் எழுதுங்கள், அதுவே போதும்.

மூன்றாவது, 'முதல்' என்ற சொல். 'இந்தியாவின் முதல் பெண் விஞ்ஞானி' என்று எழுதினால் வாசகம் கம்பீரமாகத் தோன்றும். ஆனால் தாவரவியலாளர் ஜானகி அம்மாள் 1897இல் பிறந்தவர், அன்னா மாணி 1918இல் பிறந்தவர் என்பதைப் பள்ளி மாணவி ஒருத்தி சுட்டிக்காட்டினாலே அந்த வரி விழுந்துவிடும். ஆகவே பெருமைச் சொற்களை நீக்கி, செய்த வேலையை மட்டும் சொல்லுங்கள். நாங்கள் கடைசியில் ஏற்றுக்கொண்ட வாசகம் இது:

"அன்னா மாணி (1918–2001). பீர்மேட்டில் பிறந்தவர். பெங்களூரில் வைரத்தையும் மாணிக்கத்தையும் ஆராய்ந்தார். 1948 முதல் 1976 வரை இந்திய வானிலைத் துறையில் பணியாற்றி, வெயிலையும் காற்றையும் ஓசோனையும் அளக்கும் கருவிகளை இந்நாட்டிலேயே செய்ய வழிவகுத்தார்."

நன்கொடையாளர் பெயர்களுக்கு இந்தக் கல்லில் இடமில்லை என்பதையும் அன்றே தீர்மானமாக எழுதிக் கையொப்பமிட்டுக்கொள்ளுங்கள். பணம் வந்த பிறகு அதைச் சொன்னால் மனத்தாங்கல் வரும். அவர்களுக்கு அலுவலக வராந்தாவில் தனிப் பலகை வைக்கலாம்.

2. படங்களைத் திரட்டுதல், ஒப்புதல் பெறுதல்

ஒரே ஒரு படத்தை வைத்துச் சிலை செய்ய முடியாது. நேர்முகம், பக்கவாட்டு முகம், முழு உருவம் என மூன்று கோணங்களாவது வேண்டும். இல்லாவிட்டால் காதும் தாடையும் பின்கொண்டையும் ஸ்தபதியின் ஊகமாகிவிடும். இணையத்தில் கிடைக்கும் படங்களில் வேறொருவரின் படம் தவறான பெயரில் இருப்பதும் உண்டு. ஒவ்வொரு படமும் எந்த நிறுவனத்தின் காப்பகத்திலிருந்து வந்தது என்று தெரிந்துகொண்ட பிறகே ஸ்தபதியிடம் கொடுங்கள்.

இந்தியச் சட்டப்படி, புகைப்படத்துக்கு அதை எடுத்தவரின் வாழ்நாள் முழுவதும், அவர் இறந்த பின் 60 ஆண்டுகளும் பதிப்புரிமை உண்டு. எனவே படத்தை வைத்திருக்கும் நிறுவனத்துக்குக் கடிதம் எழுதி ஒப்புதல் பெறுவது நல்லது. உறவினர்களுக்கும் எழுதுங்கள். சட்டம் கேட்கிறதோ இல்லையோ, வீட்டாருக்குத் தெரியாமல் ஒருவருடைய உருவத்தைப் பொது இடத்தில் நிறுத்துவது முறையன்று.

3. இடத்தைத் தேர்தல்

சாலை முக்கு, நடைபாதை, பேருந்து நிறுத்தத்தின் அருகு ஆகிய எண்ணங்களை முதலிலேயே விட்டுவிடுங்கள். பொதுச் சாலைகளிலும் நடைபாதைகளிலும் பொதுப் பயன்பாட்டு இடங்களிலும் சிலை அமைக்க மாநில அரசுகள் அனுமதி தரக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 18.1.2013 அன்று உத்தரவிட்டிருக்கிறது. சட்டத்தைத் தவிர இன்னொரு காரணமும் உண்டு. தென் மாவட்டங்களில் சாலையோரச் சிலைகள் பல இரும்புக் கூண்டுக்குள் இருப்பதை நாம் அனைவரும் பார்க்கிறோம். கம்பிக்குப் பின்னால் நிற்கும் ஓர் அறிவியலாளரைக் குழந்தைகளுக்குக் காட்ட எனக்கு மனம் வரவில்லை. பள்ளி, கல்லூரி, நூலகம் போன்ற சுற்றுச்சுவர் உள்ள வளாகமே ஏற்றது.

வளாகத்துக்குள் இடத்தை முடிவு செய்ய, வெயிலைப் பாருங்கள். மதுரை ஏறத்தாழ 10 டிகிரி வட அட்சத்தில் இருப்பதால், ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வாரம் வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. மற்ற மாதங்களில் தெற்கே நிற்கிறது. வடக்கு நோக்கி வைத்த முகத்தில் ஆண்டின் பெரும்பகுதி நிழலே விழும். மேற்கு நோக்கி வைத்தால், காலை வழிபாட்டுக் கூட்டத்தின்போது முகம் இருட்டாக இருக்கும். கிழக்கு நோக்கி வைத்தால் ஆண்டு முழுவதும் காலை ஒளி முகத்தில் விழும்; மாணவியர் கூடும் நேரமும் அதுவே. நாங்கள் ஒரு நாற்காலியில் ஒருவரை உட்காரவைத்து, காலை எட்டு மணி முதல் மாலை ஐந்து மணி வரை மணிக்கொரு முறை படம் எடுத்துப் பார்த்தோம். செலவில்லாத சோதனை, ஆனால் செய்பவர்கள் அரிது.

மேலே மண்டபம் கட்ட வேண்டும் என்று கட்டாயம் ஒருவர் கேட்பார். நாடெங்கும் வெயிலை அளக்க நிலையங்கள் அமைத்தவருக்கு நிழல் மண்டபம் தேவையில்லை; வெண்கலத்துக்கும் தேவையில்லை. வேப்பமரத்தடியும் வேண்டாம், பறவை எச்சத்தின் அமிலம் உலோகத்தில் வெள்ளைத் தழும்பை விட்டுவிடும்.

4. அனுமதி

பட்டா நிலமாக இருந்தாலும், பள்ளிக்குள்ளேயே என்றாலும், மாவட்ட ஆட்சியரிடம் எழுத்துவழி அனுமதி கேட்டுப் பெறுங்கள். திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனுவைக் கொடுத்துப் பதிவு எண் வாங்குவது எளிய வழி. அஞ்சலில் அனுப்பிய மனு எந்த மேசையில் இருக்கிறது என்று தேடுவதிலேயே ஒரு மாதம் போய்விடும். அங்கிருந்து வருவாய்த் துறை, காவல் துறை, உள்ளாட்சி ஆகிய மூன்று இடங்களுக்கும் அறிக்கை கேட்டுச் செல்லும். பள்ளி என்றால் முதன்மைக் கல்வி அலுவலரின் ஒப்புதலும் வேண்டும்.

மனுவோடு பட்டா நகல், புல வரைபடத்தில் சிலை இடத்தைச் சிவப்பு மையில் குறித்த படி, நிர்வாகத் தீர்மானம், சிலையின் உயர அகலம், கல்வெட்டு வாசகம் ஆகியவற்றை இணையுங்கள். வாசகத்தை முதலில் முடிக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம், விசாரிக்க வரும் காவலர் முதலில் கேட்பது "என்ன எழுதப்போறீங்க?" என்பதைத்தான்.

"இவருக்கும் மதுரைக்கும் என்ன தொடர்பு?" என்ற கேள்வியும் உறுதியாக வரும். அதற்கு நேர்மையான பதிலை ஆயத்தமாக வைத்திருங்கள். அவர் நம் ஊரில் வாழ்ந்தவர் என்று கதை கட்ட வேண்டாம். தேனி, கம்பம், குமுளி வழியாகச் சென்றால், அவர் பிறந்த கேரளத்துப் பீர்மேடு ஒரு காலைப் பயணம். அவர் தொகுத்த இந்தியச் சூரியக் கதிர்வீச்சுத் தரவு நூல்கள் 1980, 1982 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்தன. ஓய்வுக்குப் பிறகு காற்றாலைகளுக்கான காற்று அளவீடுகளையும் நடத்தினார். கமுதியில் வெயிலிலிருந்தும் கயத்தாறில் காற்றிலிருந்தும் மின்சாரம் எடுக்கும் நம் பகுதிக்கு இந்தத் தொடர்பே போதும் என்று எழுதினோம்.

5. பணமும் ஒப்பந்தமும்

குழுவில் இருவர் சேர்ந்து கையொப்பமிட்டால்தான் பணம் எடுக்க முடியும் என்ற நிபந்தனையோடு தனி வங்கிக் கணக்கு தொடங்குங்கள். அனுமதி கைக்கு வரும்வரை வாக்குறுதிகளை மட்டும் பெறுங்கள், பணத்தை வாங்காதீர்கள். அனுமதி தாமதமானால், கொடுத்தவர்கள் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது.

ஸ்தபதியோடு முத்திரைத்தாளில் ஒப்பந்தம் போட்டு, தொகையை நான்கு தவணைகளாகப் பிரியுங்கள்: தொடக்கத்தில் ஒன்று, களிமண் உருவத்துக்கு நாம் கையொப்பமிட்டதும் ஒன்று, வார்ப்பு முடிந்ததும் ஒன்று, பீடத்தில் ஏறியதும் ஒன்று. உலோகத்துக்குக் கிலோக் கணக்கில் விலை சொல்பவர்களிடம் எடையை முன்கூட்டியே கணக்கிட்டுக் கேளுங்கள். மேற்பரப்பு ஒன்றரைச் சதுர மீட்டர், உலோகக் கனம் 6 மில்லிமீட்டர் என்றால், வெண்கலத்தின் அடர்த்திப்படி சுமார் 80 கிலோ வரும். இதைவிட மிகுதியாகச் சொன்னால் கனத்தைக் கேளுங்கள். மிகக் குறைவாகச் சொன்னால் இன்னும் கவனமாகக் கேளுங்கள்.

6. களிமண் உருவத்தைப் பார்த்துத் திருத்துதல்

முழுப் பணியிலும் நம் கண்ணும் சொல்லும் உருவத்தை மாற்றக்கூடிய ஒரே கட்டம் இதுதான். இதற்குப் பின் வரும் ஒவ்வொரு திருத்தத்துக்கும் பணம் செலவாகும். வார்த்த பிறகு பணம் கொடுத்தாலும் திருத்த முடியாது.

முதலில் ஒன்பது அங்குல மாதிரி ஒன்றைச் செய்து பாருங்கள். கொலு பொம்மை செய்யும் விளாச்சேரியில் கை தேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். எங்கள் மாதிரியை அங்கே செய்து, பள்ளி மேசையில் ஒரு வாரம் வைத்திருந்தோம். உட்கார்ந்திருக்கும் கோலம் வேண்டாம், நிற்கும் கோலமே வேண்டும் என்று முடிவானது அந்த ஒரு வாரத்தில்தான். பிறகு முழு அளவு உருவம். திறந்த வெளியில் இயல்பான அளவுச் சிலை சிறுத்துத் தெரியும் என்பதால், ஒன்றேகால் மடங்கு அளவில் செய்யச் சொல்லுங்கள்.

பட்டறைக்கு நாங்கள் முதன்முறை சென்றபோது, ஸ்தபதி ஈரச்சாக்கை விலக்கிக் காட்டிய உருவம் அழகாகவே இருந்தது. ஆனால் அது அன்னா மாணி இல்லை. காதில் ஜிமிக்கி தொங்கியது, சேலையில் பட்டுக்கரை இருந்தது, வலக்கையில் ஒரு சோதனைக்குழாய் இருந்தது. அவர்மேல் குறை இல்லை. பெண் என்றால் நகை, விஞ்ஞானி என்றால் குழாய் என்பதே அவருக்கு இதுவரை வந்த வேலைகளின் வழக்கம். நாங்கள்தான் எழுதிக் கொடுக்கத் தவறியிருந்தோம். எட்டாவது பிறந்தநாளில் வீட்டார் கொடுத்த வைரத்தோட்டை வேண்டாம் என்று சொல்லி, கலைக்களஞ்சியத் தொகுதிகளைக் கேட்டு வாங்கியவர் அவர் என்று சொன்னதும், ஸ்தபதி சிரித்துக்கொண்டே கட்டைவிரலால் ஜிமிக்கியை வழித்தெடுத்தார்.

சேலை அதைவிடக் கடினமாக இருந்தது. அன்னா மாணி கதர் உடுத்தியவர். கதரின் மடிப்பு தடித்தும் குறைவாகவும் விழும், பட்டின் மடிப்பு மெலிந்தும் நெருங்கியும் விழும். சொல்லி விளங்கவைக்க முடியாமல், அடுத்த முறை ஒரு கதர்ச் சேலையைக் கொண்டுபோய், எங்களுள் ஒருவர் உடுத்தி, அரை மணி நேரம் நின்று காட்டினார். இடத்தோளில் விழுந்த மூன்றே மடிப்புகளை ஸ்தபதி அப்படியே மண்ணில் எடுத்தார். அந்தத் தோள்தான் இன்றும் என் கண்ணுக்குச் சிலையின் மிகச் சிறந்த பகுதி.

கையில் உள்ள கருவிக்கும் இதே முறைதான். சூரியக் கதிர்வீச்சை அளக்கும் பைரனோமீட்டரை வைத்தோம்: தட்டையான வட்ட உடல், அதன்மேல் அரைக்கோளக் கண்ணாடிக் கவிகை ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு. படத்தை மட்டும் கொடுத்தால் அது இட்லிக் கொப்பரையின் மூடிபோல ஆகிவிடும். கருவியைத் தொட்டுப் பார்த்தவர் ஒருவரைப் பட்டறைக்கு அழைத்துச் செல்லுங்கள். படத்தில் இல்லாத பொட்டு, மாலை, மூக்குக்கண்ணாடி எதையும் சேர்க்கவிடாதீர்கள். திருப்தியான பிறகு நான்கு பக்கமும் படம் எடுத்து, ஒவ்வொன்றின் பின்னும் குழுவும் ஸ்தபதியும் கையொப்பமிடுங்கள்.

7. வார்ப்பு

இங்கே நாம் செய்வது குறைவு. களிமண்ணிலிருந்து அச்சு எடுத்து, அச்சுக்குள் மெழுகுப் படி வார்த்து, மெழுகை உருக்கி வெளியேற்றிய வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். மெழுகுப் படியை ஒருமுறை போய்ப் பாருங்கள். இமை, உதடு, விரல் நகம் ஆகியவை அச்சில் மழுங்கியிருந்தால் மெழுகிலேயே கூர்மையாக்கிவிடலாம்.

ஐம்பொன் வேண்டும் என்று கேட்காதீர்கள்; அது வழிபாட்டு விக்கிரகங்களின் மரபு. செம்பு 85, வெள்ளீயம் 5, துத்தநாகம் 5, காரீயம் 5 என்ற விகிதக் கலவை வெளியில் நிற்கும் சிலைக்குப் போதும். வெண்கலம் என்ற பெயரில் பித்தளை வந்துவிடாதிருக்க, வார்ப்பின்போதே ஒரு துண்டை வாங்கி ஆய்வகத்தில் சோதித்துச் சான்று பெறுங்கள். உள்ளே தேங்கும் நீர் வடிய, அடியில் துளை இருக்க வேண்டும்.

8. அடித்தளமும் பீடமும்

திருமங்கலம், கள்ளிக்குடி, தே. கல்லுப்பட்டிப் பக்கம் கரிசல் மண். மழையில் உப்பி, கோடையில் கை நுழையும் அளவு வெடிக்கும். மேலூர்ப் பக்கத்துச் செம்மண்ணில் இரண்டரை அடி போதும் என்று சொல்லும் கொத்தனார், கரிசலிலும் அதையே சொல்வார், கேட்காதீர்கள். எங்கள் பொறியாளர் வெடிப்பு முடியும் ஆழத்துக்கும் கீழே, ஐந்தரை அடி வரை தோண்டச் சொல்லி, கரிசலை முழுவதும் அகற்றி, மணலும் சரளையும் நிரப்பி அதன்மேல் கான்கிரீட் போடச் செய்தார். பீடம் சாய்ந்தால் சிலையை நிமிர்த்துவது புதிதாகச் செய்வதைவிடத் தொல்லை.

பீடத்தின் உயரம் மூன்றரை அடி. பத்தடிப் பீடம் கேட்பவர்கள், ஆறாம் வகுப்பு மாணவியின் உயரத்தில் உட்கார்ந்து ஒருமுறை மேலே பார்க்கட்டும். அவர்களுக்குத் தெரிவது முகவாய்க் கட்டையின் அடிப்பகுதிதான்.

சிலையைப் பீடத்தோடு பிணைக்கும் கம்பிகள் துருப்பிடிக்காத எஃகாக இருக்க வேண்டும். சாதாரணக் கம்பி துருவேறும்போது பருத்து, பீடக் கல்லை உள்ளிருந்து பிளக்கும்.

9. கல்லில் எழுத்து

மேலூர்ப் பக்கத்துப் பட்டறையில் மெருகேற்றிய கருங்கல் வாங்கினோம். வாசகத்தை ஒரு டிடிபி கடையில் அமைக்கக் கொடுத்தபோது நடந்ததைச் சொல்கிறேன். நாங்கள் யூனிகோடில் தந்த வாசகத்தைக் கடையில் பாமினி எழுத்துருவுக்கு மாற்றினார்கள். மாற்றியதில் 'ஓசோன்' என்பது 'ஒசோன்' ஆகிவிட்டது. திரையில் நான்கு பேர் பார்த்தோம், நால்வரும் கவனிக்கவில்லை. உண்மை அளவில் தாளில் அச்சிட்டுப் பள்ளிச் சுவரில் ஒட்டிய பிறகு, ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி உரக்கப் படித்தபோது அந்த இடத்தில் நின்று, "இது என்ன டீச்சர், ஒசோன்?" என்று கேட்டாள்.

ஆகவே மூன்று விதிகள். மாற்றிய கோப்பைப் படமாக உறைய வைத்து, எழுத்துகள் மறுபடி நகராதபடி கல் பட்டறைக்குக் கொடுங்கள். உண்மை அளவுத் தாளை ஒரு வாரமாவது பலர் நடமாடும் சுவரில் ஒட்டுங்கள். வாசகத்தை எழுதியவர் சரிபார்க்க வேண்டாம். அவருக்கு மனத்தில் இருப்பதுதான் கண்ணில் தெரியும். எழுத்தின் உயரம் ஓர் அங்குலத்துக்குக் குறையாமலும், கல் சற்றே பின்சாய்ந்தும் இருந்தால் நான்கடித் தொலைவிலிருந்து படிக்கலாம்.

10. திறப்பு நாள்

ஆகஸ்ட் 23 அவர் பிறந்த நாள். அந்த வாரத்தில் மதுரையில் நண்பகல் சூரியன் ஏறத்தாழ உச்சந்தலைக்கு நேராக நிற்பதால், கண்குழிகள் கறுத்து முகமே மாறித் தெரியும். விழாவைக் காலை ஒன்பது மணிக்குள் வைத்துக்கொள்ளுங்கள். மூடிய துணியைக் கயிற்றால் இறுகக் கட்டாதீர்கள். கருவியின் கவிகையில் துணி மாட்டிக்கொள்ளும். முந்தைய நாளே இரண்டு முறை இழுத்துப் பாருங்கள். பெரியவர் ஒருவரின் தேதிக்காக நாளைத் தள்ளிப்போடவும் வேண்டாம்.

11. பராமரிப்பு

திறந்த மூன்றாம் மாதம், நல்லெண்ணத்தோடு ஒருவர் புளியும் சாம்பலும் கொண்டு சிலையின் கையைக் குத்துவிளக்குபோலத் துலக்கிவிட்டார். பழுப்பு மேற்பூச்சு போய், மணிக்கட்டு வரை பளபளத்தது. ஸ்தபதியை வரவழைத்து மறுபடி பூசவேண்டியதாயிற்று. புளி, எலுமிச்சை, கடையில் விற்கும் பளபளப்புக் களிம்பு, ஆண்டுவிழாவுக்கு முன் அடிக்கும் தங்க நிறப் பெயின்ட் ஆகிய எதுவும் வெண்கலத்தில் படக்கூடாது. இதை வாட்ச்மேன், துப்புரவுப் பணியாளர், தேசிய மாணவர் படைப் பொறுப்பாசிரியர் ஆகியோரிடம் நேரில் சொல்லுங்கள், சுற்றறிக்கை போதாது. பூமாலை போட்டால் அன்று மாலையே எடுத்துவிட வேண்டும்.

ஆண்டுக்கு இரண்டு முறை, மார்ச்சிலும் வடகிழக்குப் பருவமழைக்கு முன் செப்டம்பரிலும், மென்மையான சோப்பு நீரில் கழுவி, முழுதும் உலர்ந்த பின் மெழுகை மெல்லியதாகப் பூசி, பருத்தித் துணியால் தேய்க்க வேண்டும். காலை வெயிலில் உலோகம் சற்றுச் சூடேறியிருக்கும்போது பூசினால் மெழுகு சீராகப் பரவும். மெழுகு டப்பாவும் துணியும் இயற்பியல் ஆய்வகத்தின் இடப்பக்க பீரோவில் இருக்கின்றன. பூசிய தேதியையும் பூசியவர்களின் பெயர்களையும் எழுதும் குறிப்பேடு அதே தட்டில் இருக்கிறது. சென்ற செப்டம்பரில் பூசியவர்கள் ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவியர்.